எழுவாயில் இல்லாத நோயாளி

பிழையொன்றை ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. 2019 ஜூலையில் தேசிய மருத்துவ ஆணைய மசோதா மக்களவைக்கு வந்தபோது, அதன் முக்கியப் பிரிவுகளைத் தமிழில் சுருக்கித் தரும் பணி என்னிடம் வந்தது. ஓர் இரவுக்குள் முடிக்க வேண்டிய வேலை. முப்பதாவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவை நான் இவ்வாறு எழுதினேன்: “மாநில மருத்துவக் கவுன்சிலின் நடவடிக்கையால் பாதிக்கப்பட்டவர், ஆணையத்தின் நன்னெறி மற்றும் மருத்துவப் பதிவு வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.” படிப்பதற்குச் சரளமாகவே இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

மூலத்தில் இருந்தது “பாதிக்கப்பட்டவர்” அல்ல. “பாதிக்கப்பட்ட மருத்துவர் அல்லது மருத்துவத் தொழில்முறையாளர்” என்பதாகும். சொற்சிக்கனம் கருதி எழுவாயைச் சுருக்கிவிட்டேன். தமிழில் எழுவாய் வெளிப்படையாக வராமலும் வாக்கியம் நிற்கும்; கேட்போர் தாமே அதனை வருவித்துக்கொள்வர். தோன்றா எழுவாய் என்று இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். மருத்துவத்தின் தொடர்பில் பாதிக்கப்பட்டவர் என்றதும் என் மனம் நோயாளியை வருவித்துக்கொண்டது. சட்டத்தை எழுதியவர்களின் மனம் அவ்வாறு வருவித்துக்கொள்ளவில்லை.

அந்தப் பிழையின் விலை 2024இல்தான் எனக்குத் தெரிந்தது. தில்லியில் ஆட்டோ ஓட்டும் தோழர் ஒருவர், கிளைக் கூட்டம் முடிந்ததும் ஒரு கடிதத்தை நீட்டி, “இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க தோழர்” என்றார். அவருடைய துணைவியாருக்குப் பித்தப்பையில் கல். 2022 மார்ச் மாதம், தில்லியை ஒட்டிய மாநிலம் ஒன்றின் தனியார் மருத்துவமனையில் நுண்துளை அறுவை சிகிச்சை செய்தார்கள். மூன்றாம் நாள் வயிறு உப்பியது, கண்கள் மஞ்சளாயின. பித்தநாளம் அறுபட்டிருந்தது. பின்னர் அரசு மருத்துவமனையில் பெரிய அறுவை சிகிச்சை, ஏழு வாரப் படுக்கை. நான்கு வீடுகளில் சமையல் வேலை செய்துவந்த அந்த அம்மையார் அதன்பின் வேலைக்குப் போகவில்லை. தோழர் சொந்த ஆட்டோவை விற்றுவிட்டு இப்போது வாடகை ஆட்டோ ஓட்டுகிறார்.

இத்தகைய அறுவை சிகிச்சையில் பித்தநாளம் அறுபடுவது தேர்ந்த கைகளுக்கும் நேரக்கூடியதே என்று மருத்துவத் துறையில் உள்ள தோழர்கள் சொல்கிறார்கள். தோழரின் புகாரும் அதுபற்றியதன்று. நேர்ந்த பிறகு மூன்று நாட்கள் ஏன் எவரும் வந்து பார்க்கவில்லை, ஏன் உடனே வேறிடத்துக்கு அனுப்பவில்லை என்பதுதான் அவர் கேட்டது. மாநில மருத்துவக் கவுன்சில் இருபது மாதங்கள் கழித்து அனுப்பியிருந்த பதில் மூன்றே வரிகள். ஆவணங்கள் பரிசீலிக்கப்பட்டன, அலட்சியம் ஏதும் தென்படவில்லை, புகார் முடித்துவைக்கப்படுகிறது. யார் பரிசீலித்தார்கள், எந்த ஆவணத்தை, மருத்துவர் தந்த விளக்கம் என்ன? எதுவும் இல்லை. புகார் கொடுத்தவரை ஒருமுறைகூட அழைத்துக் கேட்கவில்லை. இந்தப் பதிலுக்காகக் காத்திருந்ததில் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவதற்கான இரண்டாண்டுக் காலவரம்பும் கடந்துபோயிருந்தது.

நான் என் பழைய சுருக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, “மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது தோழர்” என்று சொன்னேன். இரண்டு வாரம் உட்கார்ந்து மனு எழுதினோம். அனுப்புவதற்கு முன்பு வழக்கறிஞர் தோழர் ஒருவரிடம் காட்டினோம். அவர் சட்டநூலைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தார். ஆட்டோ தோழர் சற்று நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “அப்ப, டாக்டர் மேல நடவடிக்கை எடுத்திருந்தா அவர் மேல போகலாம். எடுக்கலன்னா நான் போக முடியாது. அப்படித்தானே?”

அப்படித்தான். அதற்கடுத்த உட்பிரிவில், வாரியத்தின் முடிவை எதிர்த்து ஆணையத்திடம் செல்லும் இரண்டாவது மேல்முறையீடும் மருத்துவருக்கே உரியது. நோயாளிக்கு எஞ்சுவது உயர்நீதிமன்றத்தின் வாசல்.

இந்த உரிமை எக்காலத்திலும் இல்லாதிருந்த ஒன்றன்று என்பதுதான் இதில் கசப்பான பகுதி. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு தொழில்நெறி ஒழுங்குமுறைகளில், 2004இல் இரண்டு விதிகள் சேர்க்கப்பட்டன. ஆறு மாதத்துக்குள் மாநிலக் கவுன்சில் முடிவெடுக்காத புகாரை மேலே எடுத்துக்கொள்ள ஒன்று வழிசெய்தது. மாநிலக் கவுன்சிலின் முடிவால் பாதிக்கப்பட்ட “எவரும்” அறுபது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றது மற்றொன்று. எவரும் என்ற அந்த ஒரு சொல்லில் நோயாளி இருந்தார், இறந்தவரின் மகன் இருந்தான், விதவை இருந்தார். 2019ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அவ்விடத்தில் மருத்துவரை மட்டும் வைத்தது. ஆணையம் இயங்கத் தொடங்கியபின், நோயாளிகள் தரப்பு மேல்முறையீடுகள் சட்டத்தில் இடமில்லை என்று திருப்பியனுப்பப்பட்ட செய்திகள் நாளேடுகளில் வந்தன. 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இன்றும் நடைமுறையில்தான் இருக்கின்றன. ஆனால் சட்டமே ஒரு வழியை மருத்துவருக்கு மட்டும் திறந்து வைத்திருக்கும்போது, அதன் கீழுள்ள பழைய விதியை நம்பி நோயாளி எவ்வளவு தூரம் நடக்க முடியும்?

மேல்முறையீட்டினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கும் தோழர்களும் உண்டு. 1998இல் அனுராதா சாகா என்ற இளம்பெண், கொல்கத்தாவில் ஒவ்வாமைக்குத் தரப்பட்ட தவறான மருந்துமுறையின் விளைவாக இறந்தார். மாநில மருத்துவக் கவுன்சில் சம்பந்தப்பட்ட மருத்துவர்கள்மீது தவறில்லை என்றது. அவர்களில் ஒருவரின் பதிவை 2011இல் இந்திய மருத்துவக் கவுன்சில் மூன்று மாதங்களுக்கு நிறுத்திவைத்தது. 2013இல் உச்சநீதிமன்றம் ஏறத்தாழ ஆறு கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. மாநில அளவில் தவறில்லை என்று மூடப்பட்ட கோப்பு, மேலே சென்றதும் தவறு என்று ஆயிற்று. இதற்கு ஆன காலம் பதினைந்து ஆண்டுகள்; வழக்கை விடாது நடத்திய கணவர் அமெரிக்காவில் வாழ்ந்த மருத்துவர். ஆட்டோ ஓட்டுநரால் இது ஆகுமா?

நுகர்வோர் சட்டம் இருக்கிறதே என்பர். 1995இல் சாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் மருத்துவ சேவையை அச்சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. பெரும் முன்னேற்றம்தான். எனினும் எல்லோருக்கும் கட்டணமின்றிச் சேவை தரும் மருத்துவமனைகளை அதே தீர்ப்பு வெளியே நிறுத்தியது. காசு கொடுத்தவர் நுகர்வோர். காசில்லாதவர் எவரும் அல்லர். மேலும், நுகர்வோர் ஆணையம் பணம் வாங்கித் தருமே தவிர, ஒருவர் தொடர்ந்து மருத்துவம் பார்க்கலாமா என்று முடிவுசெய்யும் அதிகாரம் அதற்கில்லை. அது மருத்துவப் பதிவேட்டை வைத்திருப்பவரின் கையில் இருக்கிறது.

அந்தப் பதிவேட்டின் வரலாற்றையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காலனி ஆட்சியில் பிறந்தது இந்திய மருத்துவக் கவுன்சில். 1956இல் புதிய சட்டம் வந்தது. மருத்துவரின் செயலை மருத்துவரே மதிப்பிட முடியும், ஆகவே மருத்துவர்கள் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. அறிவு சார்ந்த வாதம் என்ற அளவில் இதில் பாதி உண்மை உண்டு. நடைமுறையில் விளைந்தது என்ன? 2010 ஏப்ரலில் கவுன்சிலின் தலைவரையே, ஒரு தனியார் மருத்துவக் கல்லூரிக்கு அனுமதி தரக் கையூட்டுப் பெற்றதாகக் குற்றஞ்சாட்டி மத்தியப் புலனாய்வு அமைப்பு கைதுசெய்தது. அடுத்த மாதமே அவசரச் சட்டத்தின் மூலம் கவுன்சில் கலைக்கப்பட்டது. பின்பு மீண்டும் அமைக்கப்பட்டது. 2016 மார்ச்சில் நாடாளுமன்ற நிலைக்குழு தன் 92ஆவது அறிக்கையில் கவுன்சிலைக் கடுமையாகச் சாடியது. 1963 முதல் 2009 வரை கவுன்சிலின் நன்னெறிக் குழுவால் கரும்பட்டியலில் சேர்க்கப்பட்ட மருத்துவர்கள் 109 பேர் மட்டுமே என்ற செய்தி அந்த அறிக்கையில் இருக்கிறது. நாற்பத்தாறு ஆண்டுகளில், இந்தியா முழுமைக்கும் 109!

இந்த அழுகலைக் காட்டித்தான் பாஜக அரசு தேசிய மருத்துவ ஆணையத்தைக் கொண்டுவந்தது. நாம் எதிர்த்தோம். நாடாளுமன்றத்தில் இடதுசாரி உறுப்பினர்கள் எதிர்த்தார்கள்; ஜூலை 31 அன்று மருத்துவர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தபோது நம் ஏடுகள் அவர்கள் பக்கம் நின்றன. எதிர்த்தது சரியே. 33 பேர் கொண்ட ஆணையத்தில் தலைவரும் பத்து அலுவல்வழி உறுப்பினரும் போக, மாநிலங்களின் பக்கத்திலிருந்து வருவோர் 19 பேர். அதுவும் சுழற்சி முறையில். தனியார் மருத்துவக் கல்லூரிகளில் ஐம்பது விழுக்காடு இடங்களின் கட்டணத்துக்கு மட்டுமே ஆணையம் வழிகாட்டும் என்று எழுதி, மீதிப் பாதியைச் சந்தைக்குத் திறந்துவிட்டார்கள். சமுதாயச் சுகாதார வழங்குநர் என்ற பெயரில் குறைந்த பயிற்சியுடையோருக்கு வரம்புள்ள உரிமம் தரும் 32ஆவது பிரிவு, கிராமத்து ஏழைக்கு இரண்டாந்தர மருத்துவம் என்பதைச் சட்டமாக்கியது. இவை பற்றியெல்லாம் எழுதினோம், பேசினோம்.

நோயாளியைப் பற்றி எழுதவில்லை. நான் மொழிபெயர்த்த அறிக்கைகள், கட்டுரைகள், துண்டறிக்கைகள் எல்லாவற்றையும் அண்மையில் மீண்டும் புரட்டினேன். கூட்டாட்சி இருக்கிறது, மருத்துவ மாணவர் இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார். பகுதிநேர உறுப்பினர்களில் மூவருக்கான இடங்களுக்கு மேலாண்மை, சட்டம், நன்னெறி, ஆராய்ச்சி, நோயாளி உரிமை, அறிவியல், பொருளாதாரம் என ஏழு துறைகளைச் சட்டம் அடுக்குகிறது. ஏழுக்கு மூன்று இடங்கள் என்றால் நோயாளி உரிமைக்கு ஓர் இடமும் உறுதியில்லை என்பதை நாம் சுட்டிக்காட்டியிருக்க வேண்டாமா? பிரிட்டனில் பொது மருத்துவக் கவுன்சிலின் பன்னிரண்டு உறுப்பினரில் ஆறு பேர் மருத்துவர் அல்லாதவர்கள். அது முதலாளித்துவ நாடுதான்.

கவுன்சிலின் தன்னாட்சியைக் காக்கப் புறப்பட்டு, அந்தத் தன்னாட்சி யாருக்கானதாக இருந்தது என்று கேட்க மறந்துவிட்டோம். ஆணையம் வந்ததனால் ஊழல் ஒழிந்ததா என்றால், அதுவும் இல்லை. மருத்துவக் கல்லூரி ஆய்வுகள் பற்றிய இரகசியத் தகவல்களைக் கல்லூரிகளுக்கு விற்றதாக, சுகாதார அமைச்சக அதிகாரிகளையும் ஆய்வுக்குச் சென்ற மருத்துவர்களையும் சேர்த்து 2025இல் மத்தியப் புலனாய்வு அமைப்பு வழக்குப் பதிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டோர் போய் நியமிக்கப்பட்டோர் வந்தனர். விற்பனைச் சரக்கு மாறவில்லை.

ஏன் மாறவில்லை? இங்குதான், மருத்துவரை ஒழுங்குபடுத்துவது என்று நாம் சொல்லும்போது எதை ஒழுங்குபடுத்துகிறோம் என்ற கேள்வி எழுகிறது. வெளிநோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தனியாரிடமே செல்லும் நாடு இது. கார்ப்பரேட் மருத்துவமனையில் பணிபுரியும் மருத்துவர் இன்று பெரும்பாலும் கூலி உழைப்பாளி; இந்த மாதம் இத்தனை ஸ்கேன், இத்தனை அனுமதி என்ற இலக்கு அவர் தலைமேல் தொங்குகிறது. கவுன்சிலின் கைக்கு அவர் எட்டுவார். இலக்கை விதித்த முதலீட்டாளர் எட்டமாட்டார், ஏனெனில் அவர் பெயர் மருத்துவப் பதிவேட்டில் இல்லை.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தை எண்ணிப் பாருங்கள். வறண்ட பூமி. ஆண்டுதோறும் அங்கிருந்து லட்சக்கணக்கானோர் கரும்பு வெட்ட மேற்கு மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் போகிறார்கள். கணவன் மனைவி இருவரையும் ஒரே அரிவாளாகக் கணக்கிட்டு முன்பணம் தருகிறார் ஒப்பந்ததாரர். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் தண்டம் பிடிப்பார். மாதவிடாயும் வெள்ளைப்படுதலும் வயிற்றுவலியும் அந்தக் கணக்கில் நட்டம். கழிப்பறையும் நீரும் இல்லாத கொட்டகையில் தொற்று வராமல் இருக்குமா? மருத்துவரிடம் போனால், கருப்பையை எடுத்துவிடு, புற்றுநோய் வரும் என்கிறார். 2019இல் மாநில அரசு அமைத்த குழுவின் கணக்கெடுப்பில் 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கரும்பு வெட்டும் பெண்களிடம் விசாரித்ததில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த பெண்கள் அவர்களுள் ஏராளம். அறுவை சிகிச்சைக்கான செலவை ஒப்பந்ததாரரே முன்பணமாகத் தந்ததும் உண்டு; அடுத்த பருவக் கூலியில் கழித்துக்கொள்வார்.

இதில் குற்றவாளி யார்? கத்தி வைத்தவர் மருத்துவர், ஐயமில்லை. அவருடைய பதிவைப் பறிக்க வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அந்தக் கத்தியைக் கூலிமுறை அல்லவா கூர்தீட்டிக் கொடுத்தது? ராஜஸ்தானிலும் பிகாரிலும் சத்தீஸ்கரிலும் இதே கதை நடந்தது. அங்கே அரசின் காப்பீட்டுத் திட்டப் பணம் அதற்கு எண்ணெய் ஊற்றியது. 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் இந்த வழக்கை முடித்து, கண்காணிப்பு வழிகாட்டுதல்களை மூன்று மாதங்களுக்குள் ஏற்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. பீட் மாவட்டப் பெண்ணொருத்தி மருத்துவக் கவுன்சிலில் புகார் அளித்து, அது மூன்று வரியில் மூடப்பட்டால், அவளும் மேல்முறையீடு செய்ய முடியாது.

மருந்து நிறுவனங்களின் கதையும் இவ்வாறே ஒரு பக்கம் மட்டும் கட்டப்பட்டது. நிறுவனத்திடம் பரிசு வாங்கக் கூடாது என்று 2009இல் மருத்துவருக்கு விதி வந்தது. கொடுப்பவனுக்கு விதி எங்கே? 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட மருந்து விற்பனை நெறித்தொகுப்பும் சட்ட வலிமை இல்லாதது. புகார்களை விசாரிப்பது நிறுவனச் சங்கங்களின் குழுக்களே. திருடனைப் பற்றித் திருடர் சங்கத்திடம் முறையிடும் ஏற்பாடு. இதற்குச் சட்ட வலிமை கேட்டு உச்சநீதிமன்றம் சென்றவர்கள் மருந்து விற்பனைப் பிரதிநிதிகள். பையைச் சுமந்து சென்று பரிசைக் கொடுக்கக் கட்டாயப்படுத்தப்படும் அந்த ஊழியர்களின் அகில இந்தியச் சங்கம்தான் அது. இத்துறையில் தொழிற்சங்கம் நோயாளிக்காகப் பேசிய நல்ல உதாரணமென்று இதைச் சொல்வேன். ஆணையம் 2023 ஆகஸ்டில் மூலப்பெயரில் மருந்தெழுதுவதைக் கட்டாயமாக்கி, நிறுவனப் பணத்தில் நடக்கும் கருத்தரங்குகளுக்கு மருத்துவர் செல்வதைத் தடுத்துப் புதிய ஒழுங்குமுறை வெளியிட்டது. அதே மாதத்திலேயே அதை நிறுத்திவைத்தது. மருந்தின் தரத்தை உறுதிசெய்யாமல் மூலப்பெயரைக் கட்டாயப்படுத்துவது சரியா என்ற மருத்துவர்களின் கேள்வியில் நியாயம் உண்டு. கருத்தரங்கு விஷயத்தில் என்ன நியாயம் இருந்தது?

மருத்துவமனையைக் கட்டுப்படுத்தும் சட்டங்களும் இல்லாமலில்லை. 2010ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வந்த 2012 விதிகள், அரசு நிர்ணயிக்கும் வரம்புக்குள் கட்டணம் வாங்க வேண்டும் என்கின்றன. அந்த வரம்பை ஏன் இன்னும் நிர்ணயிக்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் கேட்க வேண்டியிருந்தது. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2018இல் தனிச்சட்டம் இயற்றியது. கட்டணத்தை எழுதித் தொங்கவிட வேண்டும் என்பதையே எதிர்த்துத் தனியார் மருத்துவமனைகளும் மருத்துவர் சங்கமும் நீதிமன்றம் சென்றன; 2025இல் உயர்நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது.

மருத்துவர்களின் அச்சத்தையும் நான் தள்ளிவிடவில்லை. உறவினர் கூட்டம் பயிற்சி மருத்துவரை அடிப்பது வாராந்தரச் செய்தியாகிவிட்டது. நான்கு பேர் வேலையை ஒருவர் செய்யும் அரசு மருத்துவமனையில், அரசின் அலட்சியத்துக்கு அந்த இளைஞன் அடி வாங்குகிறான். ஆயினும் இதை நம் மருத்துவத் தோழர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. புகாரைக் கேட்க ஓர் இடம் இருந்தால், காரணம் எழுதிய ஆணை கையில் கிடைத்தால், அதை எதிர்த்து மேலே செல்ல ஒரு படி இருந்தால், கல்லை எடுக்கும் கை சற்றுத் தயங்கும். கவுன்சிலின் மூடிய கதவு மருத்துவரைக் காப்பதாகத் தோன்றுகிறது. அதன் கணக்கை இரவுப் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவர் தீர்க்கிறார்.

அடுத்த முறை இச்சட்டத்துக்குத் திருத்தம் வரும்போது, “பாதிக்கப்பட்ட மருத்துவர்” என்ற இடத்தில் “பாதிக்கப்பட்ட எவரும்” என்ற சொல்லை மீட்பது நம் உறுப்பினர்களின் முதல் திருத்தமாக இருக்க வேண்டும். கூடவே, மாநிலக் கவுன்சில்களில் மருத்துவரல்லாதோருக்கு இடம், ஆறு மாதக் காலவரம்பு, காரணத்துடன் எழுதி வெளியிடப்படும் ஆணை ஆகியவற்றையும் கோரலாம். மாநிலக் கவுன்சில்கள் பெரும்பாலும் மாநிலச் சட்டங்களின் கீழ் அமைந்தவை என்பதால், இவற்றுள் சிலவற்றுக்கு நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

என் பழைய சுருக்கத்தின் கோப்பைச் சென்ற வாரம் திறந்து அந்த ஒரு சொல்லைத் திருத்தினேன். ஆட்டோ தோழரின் ரிட் மனு உயர்நீதிமன்றத்தில் இருக்கிறது. இரண்டு முறை தள்ளிவைத்துவிட்டார்கள். அடுத்த விசாரணை மாதக் கடைசியில். அங்கே ஆங்கிலத்தில் பேசுவதை உடனுக்குடன் காதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். போகிறேன்.